1965ல சி.சுப்பிரமணியம் ராஜினாமா பண்ணாரே, அதனால என்னதான் ஆச்சு? தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவங்க யாராச்சும் சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊரு நீடாமங்கலம் பக்கம். போன ஞாயித்துக்கெழம சின்ன தாத்தா வீட்டுக்குப் போயிருந்தோம், சாப்புட உக்காந்த எடத்துல அப்பாவுக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம் ஆயிருச்சு. யூரியா கெடைக்கலங்கற பேச்சுல ஆரம்பிச்சு, விவசாய மந்திரின்னா யாருன்னு போயி, கடைசில சி.சுப்பிரமணியத்துல வந்து நின்னுச்சு. தாத்தா சொல்றாரு, டெல்லியில மந்திரியா இருந்துகிட்டே இந்தித் திணிப்ப எதுத்து பதவி வேணாம்னு எழுதிக் குடுத்த மனுஷன் அவரு, அந்த மாதிரி இப்ப ஒருத்தரக் காட்டுங்கறாரு. அப்பா விடல. எழுதிக் குடுத்துட்டு அஞ்சு நாள்ல திரும்ப வாங்கிக்கிட்டாரே, அதுக்குப் பேரு ராஜினாமாவாங்கறாரு. தாத்தா கோவத்துல பாதி சாப்பாட்டுல கை கழுவிட்டாரு. எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு, ஏன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல பேச எனக்கு ஒண்ணும் தெரியல.

பள்ளிக்கூடத்துல பசுமைப் புரட்சின்னா எம்.எஸ்.சுவாமிநாதன்னு படிச்சோம், நம்ம கும்மோணத்துல பொறந்தவருன்னு பெருமையா இருக்கும். சி.எஸ்.னு சொல்ற சி.சுப்பிரமணியம் பேரு ஒரு வரியில வந்துட்டுப் போயிரும். அவருதான் அப்ப உணவு விவசாய மந்திரிங்கறதும், இந்திய உணவுக் கழகத்தோட மொத மாவட்ட ஆபீஸே தஞ்சாவூர்லதான் தொறந்தாங்கங்கறதும் எனக்கு இப்பதான் தெரியுது.

நான் கேக்கறது இதுதான். அந்த ராஜினாமா மனசறிஞ்சு குடுத்ததா இல்ல கட்சியில தப்பிக்கறதுக்காக குடுத்ததா? அது திரும்பி வந்தது எப்புடி? விவசாயத்துக்கு அவ்வளவு செஞ்ச மந்திரி 67 எலக்சன்ல தோத்துப் போனது ஏன்? அந்தக் காலத்துல இருந்தவங்க யாராச்சும் இருந்தா தயவு செஞ்சு எழுதுங்க. நெட்ல போட்டிருக்கறத அப்புடியே தூக்கிப் போட வேணாம், அது எனக்கும் கெடைக்கும்.


கொள்ளிடத்துப் பெரியவர் எழுதியது:

தம்பி, பேரன் செல்லுல டைப் பண்ணித் தர்றான், நான் சொல்லச் சொல்ல. எனக்கு ஊரு சீர்காழி பக்கம். 1965ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பி.ஏ. ரெண்டாவது வருஷம்.

மொதல்ல எதுக்காக சண்டைங்கறத சொல்லிடறேன், இப்ப உள்ள பிள்ளைகளுக்கு அது தெளிவா தெரியல. அரசியல் சட்டம் வந்து 15 வருஷம் இங்கிலீஷும் இருக்கும், அதுக்கப்பறம் இந்தி மட்டும்தான்னு எழுதியிருந்தாங்க. அந்த 15 வருஷம் முடியறது 1965 ஜனவரி 26. நடுவுல நேரு, இந்தி பேசாதவங்க விரும்புற வரைக்கும் இங்கிலீஷ் இருக்கும்னு பார்லிமெண்டுல வாக்குக் குடுத்தாரு. ஆனா 1963ல வந்த சட்டத்துல இங்கிலீஷ் தொடரும்னு போடாம தொடரலாம்னு போட்டுட்டாங்க. "லாம்"னா நாளைக்கு வேணாம்னும் சொல்லலாம்ல, அண்ணா அதத்தான் டெல்லியில கேட்டாரு. நேரு 64ல போயிட்டாரு. அவரு வாக்குக்கு இனிமே யாரு பொறுப்புன்னுதான் எங்களுக்கு பயம். மத்திய சர்க்கார் பரிச்சை எழுதணும்னு கனவு கண்டுகிட்டிருந்த பையங்க நாங்க, எங்க வீட்டுல மொத தலைமுறையா காலேஜு பாத்தவங்க.

ஜனவரி 27ஆம் தேதி ஊர்வலம் கெளம்புச்சு. நான் பின்னால இருந்தேன். முன்னாடி போனவங்க திரும்பி ஓடி வர்றாங்க, நாங்க எதுக்குன்னு தெரியாம முன்னாடி தள்றோம், அதுக்குள்ள ராஜேந்திரன் போயிட்டாருன்னு சேதி வந்துருச்சு. போலீஸ் துப்பாக்கிச் சூடு. 18 வயசு. எனக்குப் பழக்கம் இல்ல, சாப்பாட்டுக் கூடத்துல பாத்த முகம், ஆனா அந்த முகம் இன்னிக்கும் எனக்கு மறக்கல. காலேஜ மூடிட்டாங்க, ட்ரங்குப் பெட்டியத் தூக்கிகிட்டு ஊருக்கு வந்துட்டோம்.

பிப்ரவரி பொறந்ததும் மாகாணம் பூராவும் சுட்டாங்க. செத்தவங்க 70 பேருக்குக் கிட்டன்னு சர்க்காரே கணக்கு சொன்னுச்சு, வெளியில சொன்ன கணக்கு அத விட ரொம்ப ஜாஸ்தி. அப்ப பக்தவத்சலம் முதலமைச்சரு, டெல்லியில சாஸ்திரி. பிப்ரவரி 11ஆம் தேதிதான் சி.சுப்பிரமணியமும், டெல்லியில இன்னொரு தமிழ் மந்திரியா இருந்த ஓ.வி.அழகேசனும் ராஜினாமா பண்ணாங்க. எங்க ஊரு பஞ்சாயத்து ரேடியோவுல கேட்டோம். எங்க ஐயா தீவிர காங்கிரஸ்காரரு, கதர் தவிர போட மாட்டாரு, நான் ஊர்வலம் போனதுக்காக ரெண்டு வாரமா என் கூட பேசாம இருந்தவரு. அந்த செய்தி முடிஞ்சதும் எந்திரிச்சு வந்து, "ஏதாச்சும் சாப்டியாடா"ன்னு கேட்டாரு. எங்க ஐயா மாதிரி ஆயிரம் பேருக்கு, பிள்ளைங்க கேக்கறதுல ஞாயம் இருக்குன்னு சொல்ல ஒரு காங்கிரஸ் மந்திரி தேவைப்பட்டுச்சு. அது வேஷமா நெசமான்னு நீங்க கேக்கறீங்க, எங்க வீட்டுத் திண்ணையில அது நெசமாதான் வேலை செஞ்சுச்சு.

திரும்ப வந்த கதைக்கு வர்றேன். சாஸ்திரி அந்த ராஜினாமாவ ஏத்துக்கலாம்னு ஜனாதிபதிக்கு அனுப்பிட்டாரு. ஜனாதிபதி யாரு, ராதாகிருஷ்ணன். அவரு ஒத்துக்கல. மெட்ராஸ் கொந்தளிச்சுக் கெடக்கற நேரத்துல ரெண்டு தமிழ் மந்திரிகள வெளிய அனுப்பினா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும். சாஸ்திரி இறங்கி வந்தாரு. அன்னிக்கு ராத்திரியே ரேடியோவுல பேசினாரு, நேரு குடுத்த வாக்க காப்பாத்துவோம், மாநிலங்களுக்கும் டெல்லிக்கும் நடுவுல இங்கிலீஷ் இருக்கும், மத்திய சர்வீஸ் பரிச்சை இங்கிலீஷ்லயும் தொடரும்னு. மறுநாளே மாணவர் தலைவருங்க போராட்டத்த தள்ளி வச்சாங்க. 16ஆம் தேதி ரெண்டு பேரும் ராஜினாமாவ வாபஸ் வாங்குனாங்க. கேட்டது கெடைச்சதுக்கப்பறம்தான் வாங்குனாங்க, இத உங்க அப்பாகிட்ட சொல்லுங்க.

ஆனா உங்க அப்பா சொல்ற மாதிரி எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, அத மறைக்க மாட்டேன். ராஜேந்திரன் விழுந்தது ஜனவரி 27. பேப்பர் நீட்டுனது பிப்ரவரி 11. நடுவுல 15 நாள். அந்த 15 நாள்ல எத்தன வீட்டுல ஒப்பாரி. அப்பறமும் அடங்கல, மார்ச் 15ல மாயவரம் காலேஜ் பையன் சாரங்கபாணி தீக்குளிச்சு செத்தாரு. ரேடியோ வாக்கு அவருக்குப் போதல. 67 டிசம்பர்ல சட்டத்தையே திருத்தினாங்க, அப்பதான் அந்த வாக்கு எழுத்துல ஏறுச்சு.


ஆடுதுறைக்காரன் எழுதியது:

பெரியவர் எழுதுனதப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் தோணல. மொழி பத்தி அவரு சொல்லிட்டாரு, நான் வயலு பக்கத்துல இருந்து சொல்றேன். வேளாண்மைத் துறையில இருந்து ரிட்டயர் ஆனவன்.

ஒண்ண மறந்துடாதீங்க, அந்த ராஜினாமா நேரத்துல சி.எஸ். மேசையில என்னென்ன கெடந்துச்சுன்னு. 65 ஜனவரி 14ல, பொங்கல் நேரத்துலதான் உணவுக் கழகம் ஆரம்பிச்சது, தலைமை ஆபீஸ் மெட்ராஸ்ல, மொத மாவட்ட ஆபீஸ் தஞ்சாவூர்ல. அதே மாசம் விவசாய விலைக் கமிஷன், தந்த்வாலா தலைமையில. இன்னிக்கு கொள்முதல் நிலையத்துல போர்டுல எழுதிப் போடறாங்களே ஆதரவு விலை, அதுக்கு வேரு அங்கதான் இருக்கு. அது வரைக்கும் டெல்லியில நெனப்பு எப்புடி இருந்துச்சுன்னா, டவுன்காரனுக்கு அரிசி மலிவா கெடைக்கணும், பத்தலன்னா அமெரிக்காக் கப்பல் வரும். விவசாயிக்கு கட்டுப்படியாகற வெல குடுத்தாதான் அவன் உரம் வாங்குவான், புது விதைய நம்புவான்னு மந்திரிசபையில மல்லுக்கு நின்னவரு இவரு. நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஒத்துக்கவே இல்ல. ஆக ராஜினாமா அப்புடியே நெலச்சிருந்தா, 28 நாள் முன்னாடி ஆரம்பிச்ச ஒரு வேலைய வேற யாராச்சும் கையில எடுத்து, வேணாம்னு ஓரமா வச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. இது என் கணிப்புதான், ஆனா ஆபீஸ் ஃபைல்ல வாழ்க்கை ஓட்டுனவன் சொல்றேன், ஆள் மாறுனா ஃபைல் தூங்கும்.

திரும்ப வந்ததுக்கப்பறம் செஞ்சதப் பாருங்க. 64-65ல நாடு பூராவும் தானியம் 89 மில்லியன் டன், மறு வருஷம் மழை பொய்ச்சு 72க்கு விழுந்துருச்சு. 66ல வெளிநாட்டுல இருந்து வந்ததே 10 மில்லியன் டன். அப்ப மெக்சிகோவுல இருந்து 18,000 டன் கோதுமை விதைய வரவழைச்சாரு. அவ்வளவு விதைய எந்த நாடும் அது வரைக்கும் வாங்குனதில்ல. விஞ்ஞானிங்க பக்கம் சுவாமிநாதன், பைசாவுக்கும் கப்பலுக்கும் பதில் சொல்ல வேண்டிய எடத்துல சி.எஸ். தன் டெல்லி பங்களா புல்வெளியவே உழுது அந்த கோதுமைய வெதச்சாரு.

நம்ம பக்கத்துக்கு கோதுமை இல்ல. இங்க 60-61லயே தஞ்சாவூர் மாவட்டத்த பேக்கேஜ் திட்டத்துல எடுத்துட்டாங்க, விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாத்தையும் சேத்து ஒரே நேரத்துல குடுக்கற திட்டம். அது சி.எஸ். கொண்டாந்தது இல்ல, அவருக்கு முன்னாடியே வந்தது, அத அவரு பேருல எழுதக்கூடாது. ஆனா அந்த திட்டத்துக்கு சரியான விதை கெடைச்சது அவரு காலத்துலதான், ஆடுதுறை 27. ஜப்பான் ரகத்தையும் நம்ம ரகத்தையும் கலந்து எடுத்தது, 105 நாள்ல அறுப்பு. ஜூன் 12 மேட்டூர் தொறந்தா குறுவைய முடிச்சுட்டு அதே வயல்ல தாளடி போட நாள் கெடைச்சுது. எங்கப்பா மொத வருஷம் நம்பல, மூணு மா நெலத்துல மட்டும் போட்டாரு. மறு வருஷம் குறுவை பூராவும் அதுதான். புதுசா களத்துக்கு மண்ணு அடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு, பழைய களத்துல போர் போட எடம் பத்தல.


அரியலூரான் எழுதியது:

இதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு, எங்க ஊரு சம்பந்தப்பட்டது. 1956 நவம்பர் 23, விடியறதுக்கு முன்னாடி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர்கிட்ட மருதையாத்துப் பாலத்துல வெள்ளத்துல விழுந்துச்சு. நூத்துக்கும் மேல செத்தாங்க. அப்ப ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, துணை மந்திரி இதே ஓ.வி.அழகேசன். அந்த வருஷமே மகபூப்நகர் விபத்துக்கு சாஸ்திரி குடுத்த ராஜினாமாவ நேரு வேணாம்னுட்டாரு, அரியலூருக்கப்பறம் குடுத்தத ஏத்துக்கிட்டாரு. அழகேசன 57 எலக்சன்ல எங்க ஊரு பேரச் சொல்லியே எதிர்க்கட்சி மேடையில கேள்வி கேட்டாங்க.

அதே சாஸ்திரி ஒம்போது வருஷம் கழிச்சு பிரதமரு, அவரு மேசையில அதே அழகேசன் ராஜினாமா. பதவிய விட்டுட்டுப் போறவன் மனசு என்னன்னு சாஸ்திரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அதனாலதான் அவரு மொதல்ல ஏத்துக்கப் பாத்தாருன்னு நான் நெனைக்கிறேன், கோவத்துல இல்ல. மந்திரி வேணாம்னு சொன்னா போக விடறதுதான் மரியாதைன்னு அவரு வாழ்ந்து பாத்தவரு.


கீழ்வேளூர் பொண்ணு எழுதியது:

அண்ணே, ஐயா, எல்லாரும் எழுதுனத மரியாதையோட படிச்சேன். களத்துக்கு மண்ணு அடிச்ச கதைய படிக்கும்போது மட்டும் தொண்டை அடைச்சுச்சு, ஏன்னா அந்த மண்ண சொமந்தது எங்காளுங்க. எங்க ஆச்சி பண்ணையாளு வீட்டுல வாக்கப்பட்டவங்க. அவங்க இருந்தப்ப கேட்டு வச்சதச் சொல்றேன்.

67ல ஏன் தோத்தாங்கன்னு கேட்டீங்க. காலேஜு பிள்ளைங்களுக்கு மொழி, எங்க ஆச்சிக்கு அரிசி. நெல்லு வெளையற சீமையில, அறுப்பு முடிஞ்ச ரெண்டு மாசத்துல எங்க குடிசையில அரிசி இருக்காது. ஆச்சி கெழங்கு வேக வச்ச வருஷம் 66தான்னு சொல்வாங்க. அந்த நேரத்துல மேடையில ஏறி ரூபாய்க்கு மூணு படி அரிசி, மூணு படி லட்சியம் ஒரு படி நிச்சயம்னு சொன்னா எந்த சனம் கேக்காது? டெல்லியில நல்ல மந்திரி நல்ல திட்டம் போட்டிருக்காரு, மூணு வருஷத்துல கோதுமை கொட்டும்னு ஆச்சிக்கு யாரு சொன்னாங்க? சொல்லியிருந்தாலும் அன்னிக்கு ராத்திரிக்கு ஒல கொதிக்கணும்ல.

ஆடுதுறை 27 வந்து வெளச்சல் ஏறுச்சு, நான் இல்லன்னு சொல்லல. ஒரு போகத்துக்கு ரெண்டு போகம் ஆனா வேலையும் ரெண்டு மடங்கு, கூலி மட்டும் பழைய மரக்கால்லயே நின்னுச்சு. அரைப்படி நெல்லு கூட்டிக் கேட்டதுக்குத்தான் 68 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேர குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க, பொம்பளைங்க பச்சப் பிள்ளைங்க. அப்ப நடந்தது புது ஆட்சி, அண்ணா முதலமைச்சரு. ஆட்சி மாறுனதுக்கப்பறமும் எங்களுக்கு அதுதான் நடந்துச்சு. அதனால ஒரு மந்திரி ராஜினாமாவோட அரசியல் விளைவுன்னு எழுதும்போது, பெரிய தலைவருங்க யாரு வந்தாங்க யாரு போனாங்கங்கறதோட முடிச்சுடாதீங்க. வெல கூடுனா விவசாயி பொழைப்பான்னு நெனச்ச அந்த சீர்திருத்தத்துல, சொந்தமா ஒரு குழி நெலம்கூட இல்லாதவங்களுக்கு எடம் இருந்துச்சான்னும் கேளுங்க.


ஆடுதுறைக்காரன் எழுதியது:

தங்கச்சி, நீ எழுதுனது சரி. எங்க களத்துல மண்ணு அடிச்சவங்களுக்கு எங்கப்பா என்ன கூலி குடுத்தாருன்னு நான் இது வரைக்கும் நெனச்சுப் பாத்ததே இல்ல. பேக்கேஜ் திட்டத்துல விதைக்கு கடன் உண்டு, உரத்துக்கு உண்டு, கூலிக்குன்னு ஒரு வரி கெடையாது. நான் துறையில அத்தன வருஷம் இருந்தும் அதக் கேட்டதில்ல. எங்க தெருவுல இப்பவும் அந்தக் காலத்து ஆளு ஒருத்தரு இருக்காரு, நாளைக்குப் போய் கேக்கப் போறேன்.


வெண்ணாத்தங்கரை எழுதியது:

எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் படிச்சுக் காட்டினேன். கீழ்வேளூர் அக்கா எழுதுன எடம் வந்தப்ப ரெண்டு பேருமே வாயத் தொறக்கல. தாத்தா மட்டும், எங்க வீட்லயும் அப்ப அப்புடித்தான் இருந்துச்சுன்னு ரொம்ப மெதுவா சொன்னாரு.

அப்பாவுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. கொள்ளிடத்து ஐயா, நீங்க 67ல ஓட்டுப் போட்டீங்களா, யாருக்குப் போட்டீங்க? வீட்டுக்குள்ள உங்க ஐயா கதர், நீங்க போராட்டம். சி.எஸ். தோத்த செய்தி வந்தப்ப உங்க ஐயா என்ன சொன்னாரு?


கொள்ளிடத்துப் பெரியவர் எழுதியது:

போட்டேன் தம்பி. அப்ப 21 வயசு ஆனாத்தான் ஓட்டு, எனக்கு 22. மொத ஓட்டு உதயசூரியனுக்கு. ராஜேந்திரன நெனச்சுதான் போட்டேன், அரிசிய நெனச்சுப் போடல, எங்க வீட்டுல அரிசி இருந்துச்சு. அந்தப் பொண்ணு எழுதுனதுக்கப்பறம் இத சொல்லிடறது நல்லதுன்னு படுது.

மெட்ராஸ் மாநிலத்துல பார்லிமெண்டுக்கு 39 சீட்டு, திமுக நின்ன 25லயும் ஜெயிச்சுச்சு, காங்கிரசுக்கு மூணே மூணு. கும்மோணத்துல இரா.செழியன். சட்டசபைக்கு நின்னதுல விருதுநகர்ல காமராஜர் ஒரு மாணவர் தலைவருகிட்ட தோத்தாரு, ஸ்ரீபெரும்புதூர்ல பக்தவத்சலம் தோத்தாரு. பார்லிமெண்டுக்கு நின்ன சுப்பிரமணியம் கோபிசெட்டிபாளையத்துல தோத்தாரு. நாங்க தெருவுல வெடி வெடிச்சோம். சுப்பிரமணியம் பேரு ரேடியோவுல வந்தப்பவும் வெடிச்சோம், அதத்தான் இப்ப நெனச்சா மனசு கேக்க மாட்டேங்குது. ராஜினாமா பண்ணவருக்கும் பண்ணாதவருக்கும் நாங்க வித்தியாசம் பாக்கல. துப்பாக்கிச் சூடு அந்தக் கட்சி ஆட்சியில நடந்துச்சு, ஓட்டுச் சீட்டுல மனுஷன் தெரியல, காங்கிரசோட ரெட்டைக் காளைச் சின்னம் மட்டும்தான் தெரிஞ்சுச்சு. அடுத்த வருஷமே கோதுமைப் புரட்சின்னு சர்க்கார் தபால் ஸ்டாம்பு போட்டுச்சு, 64-65ல 12 மில்லியன் டன் இருந்த கோதுமை 16 தாண்டியிருச்சு. அத கொண்டாடுனப்ப அந்த மந்திரி பதவியிலயும் இல்ல, எம்பியாவும் இல்ல.

எங்க ஐயா என்ன சொன்னாருன்னு கேட்டீங்க. ஒண்ணும் சொல்லல. வெடி சத்தம் ஓஞ்சப்பறம் ரேடியோவ அமத்திட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாரு. நான் கூடப் போயி வாளி தூக்குனேன்.

தாத்தாவுக்கு நடக்க முடியும்னா ஜனவரி 27 அன்னிக்கு அண்ணாமலைநகருக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. ராஜேந்திரன் சிலை கிட்ட நிப்பேன், வருஷா வருஷம் போயிடுவேன். காலையில பனி ஜாஸ்தியா இருக்கும், பத்து மணிக்கு மேல வந்தாப் போதும். கீழ்வேளூர் பொண்ணுக்கும் தோது பட்டா வரட்டும், ஆச்சி சொன்னத நேர்ல கேக்கணும்.